உண்ணாததால் அழியும் விதைகள்

சென்ற பருவத்தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுதியிருந்த தொடர் நம் கண்ணில் பட்டது. குறிஞ்சித் தலைவி 'திணைப்புனம்' காத்தாள் என்று எழுதியிருந்தார். றன்னகரம் வரவேண்டிய இடத்தில் டண்ணகரம். சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தோம். அதிலும் அதே பிழை. நாற்பது தாள்களில் பதினொன்றில் தலைவி திணையைத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பொருளைக் கண்டறிந்தவர் அதன் பெயரை இவ்வாறு மாற்றி எழுதுவாரா என்ற ஐயம் எழுந்தது. அரிசியை எவரும் 'அறிசி' என்று எழுதுவதில்லை. அன்றாடம் கடைப்பலகையிலும் பையிலும் பார்க்கிற சொல் அது. திணை பாடநூலில் உள்ள சொல், தினை வயலில் விளையும் பொருள். பாடநூல் மட்டுமே கைக்கு எட்டும் ஒரு தலைமுறைக்கு இரண்டும் ஒன்றாகித்தானே போகும்?

அடுத்த வாரம் தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தையும் கடையில் வாங்கி, ஐந்து சிறு கிண்ணங்களில் இட்டு வகுப்பறைக்குக் கொண்டுசென்றோம். "இவற்றுள் தினை எது?" என்று கேட்டோம். எல்லாம் ரவை போல் இருக்கிறது என்றார் ஒருவர். கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து வந்து ஒரு கிண்ணத்தைச் சரியாகவே தொட்டுக் காட்டினார். எப்படித் தெரியும் என்று வினவியபோது, "வீட்டுல லவ் பேர்ட்ஸ் வளக்குறோம் ஐயா, அதுக்கு இதைத்தான் போடுவோம்" என்றார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத் தலைவி தட்டையும் குளிரும் கொண்டு கிளிகளை ஓட்டித் தினையைக் காத்தாள். நாம் கிளிகளைக் கூண்டில் அடைத்துத் தினையை அவற்றுக்கே கொடுத்துவிட்டோம்.

ஆசிரியரின் அறியாமையையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நேர்மை. கிண்ணங்களை அடுக்கும்போது சாமையும் குதிரைவாலியும் இடம் மாறிவிட்டன. பொட்டலத்தின் மேலிருந்த பெயரை வைத்தே அடையாளம் கொண்டிருந்த நமக்கு, உமி நீங்கிய பின் எது எது என்று சொல்லத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் கற்பிக்கிறோம்! கொல்லிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவிதான் இரண்டையும் உள்ளங்கையில் இட்டு உருட்டிப் பார்த்துப் பிரித்துத் தந்தார். "உங்கள் வீட்டில் சாமைச் சோறு உண்டா?" என்று ஆவலோடு கேட்டோம். அவர் சொன்ன விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

"எங்க அம்மாயி கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் குத்துவாங்க ஐயா. ஒரு வேளைச் சோத்துக்குக் குத்தி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். எங்கம்மா வந்தப்புறம் விட்டுட்டாங்க. நல்லதுதான் பண்ணாங்க."

நல்லதுதான் செய்தார்கள். இந்த விடையைத் தாண்டாமல் மரபு உணவைப் பற்றிப் பேசுவது பொய்யாகும் என்று கருதுகிறோம். சற்றுச் சுற்றி அதனிடம் வருவோம்.

*

விதையும் உணவும் ஒரே பொருள்தான். களத்திலிருந்து வந்த நெல்லில் ஒரு பகுதி குதிருக்குப் போய் உணவாகிறது. ஒரு பகுதி வைக்கோல் புரியால் இறுகக் கட்டிய விதைக்கோட்டைக்குள் போய் அடுத்த ஆண்டின் வயலாகிறது. எது எதற்கு என்று முடிவு செய்வது மனிதக் கை. பசி முற்றும்போது அந்த முடிவு ஆட்டம் காண்கிறது. தமிழ் இலக்கியம் இந்த இடத்தை நன்கு அறிந்திருக்கிறது.

புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், இருந்த வரகையும் தினையையும் இரவலர்க்கு வழங்கித் தீர்த்துவிட்ட இல்லக்கிழத்தி ஒருத்தி வருகிறாள். மேலும் விருந்தினர் வந்துவிடுகின்றனர். கைம்மாற்றாகவும் எங்கும் தானியம் கிடைக்கவில்லை. விதைக்கென்று காயவைத்திருந்த தினைக்கதிரை எடுத்து உரலில் இடுகிறாள். பாட்டின் பெருமிதத்தைப் பாராட்டி நாம் கடந்துவிடுகிறோம். அவள் அன்று உரலில் இட்டது அடுத்த ஆண்டின் புனம் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்தக் கொடையின் விலை புரியும்.

பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் கதையும் இதுவே. மழை கொட்டும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் வயலில் விதைத்த முளை நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் மனைவியார். இருளில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு சென்று, காலால் தடவி, நீரில் மிதந்த வித்தை வாரி வருகிறார் மாறனார். அதைக் கழுவி, வறுத்து, குத்தி, அரிசியாக்கிச் சோறு சமைத்தவரும் மனைவியாரே. விதையை உண்பதென்பது செய்யக்கூடிய தியாகங்களில் கடைசியானது என்பது இவ்விரு கதைகளுக்கும் அடியில் உள்ள அறிவு.

இதே அறிவின் மறுபக்கத்தை இருபதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் காண்கிறோம். நிக்கோலாய் வவிலோவ் என்னும் தாவர அறிஞர் உலகெங்கும் அலைந்து திரட்டிய விதைகள் லெனின்கிராட் நகரின் ஆய்வு நிலையத்தில் இருந்தன. 1941 முதல் 1944 வரை நாஜிப் படைகள் அந்நகரை முற்றுகையிட்டபோது லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். நெல்லும் கோதுமையும் பயறும் நிறைந்த பெட்டிகளைக் காத்திருந்த ஆய்வாளர்கள் சிலரும் அவற்றிலிருந்து எடுத்து உண்ணாமலே பசியால் உயிர்விட்டனர். 1940இலேயே அரசால் சிறைப்படுத்தப்பட்ட வவிலோவும் 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். புறநானூற்றுப் பெண் விதையை உண்ணக் கொடுத்தாள். இவர்கள் உண்ண மறுத்தனர். விதையை உண்டால் விதை அழியும் என்பதே இருவர்க்கும் பொதுவான உண்மை.

நம் காலத்தில் இந்த உண்மை தலைகீழாகிவிட்டது. இன்று விதைகள் உண்ணப்படுவதால் அழியவில்லை; உண்ணப்படாததால் அழிகின்றன.

*

ஏன் அப்படி? பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சேமிப்பில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிர்ச்சியில் உறங்குகின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் 2008 முதல் உலகத்து விதைகளுக்கெல்லாம் ஒரு காப்பகம் உண்டு. அவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. சிரியப் போரால் அலெப்போ விதை வங்கி செயலிழந்தபோது, 2015இல் ஸ்வால்பார்டில் வைத்திருந்த விதைகளைத் திரும்பப் பெற்றே அந்தப் பணியைத் தொடர முடிந்தது.

ஆனால் குளிர்ப்பெட்டியில் உள்ள விதை ஒரு நிழற்படம் போன்றது. வெளியே மழை தவறுகிறது, புதுப் பூச்சி வருகிறது, நிலத்தில் உப்பேறுகிறது. எதையும் அந்த விதை அறியாது. ஆண்டுதோறும் வயலுக்குப் போய்வரும் விதைதான் மாறும் காலத்தோடு தானும் மெல்ல மாறுகிறது. அதை வயலுக்கு அனுப்புவது யார்? உழவர். உழவர் எதற்காக விதைப்பார்? எவரேனும் உண்பதற்காக. உண்பார் இல்லாத விதையை அருங்காட்சியகம் வைத்திருக்கலாம். உழவரால் வைத்திருக்க இயலாது.

இதற்குச் சான்று நம் வீதிகளிலேயே இருக்கிறது. பழைய நெல்வகைகள் பலவற்றை இயக்கம் நடத்தி மீட்க வேண்டியிருந்த இதே தமிழகத்தில், சீரகச் சம்பாவை எவரும் மீட்க வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் பிரியாணி அண்டாக்கள் அடுப்பில் இருக்கும்வரை அந்நெல்லுக்கு அழிவில்லை. கவுனி அரிசியும் அப்படித்தான். சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் இட்டுக் கிளறும் அந்தக் கருஞ்சிவப்பு இனிப்பு இல்லாமல் செட்டிநாட்டு விருந்து நிறைவதில்லை. தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு வேண்டும் என்பதாலேயே சிலர் இன்னும் பனங்கொட்டையைப் பொறுக்கிவந்து மண்ணில் புதைக்கின்றனர். ஒரு பதார்த்தம் உயிரோடு இருக்கும் இடத்தில் அதற்குரிய விதையும் உயிரோடு இருக்கிறது.

மறுபுறத்தைப் பாருங்கள். முக்கூடற்பள்ளைப் பாடம் நடத்துவோர் அறிவர். அதில் நெல்வகைகளின் பெயர்கள் வரிசையாக வரும். மாணவர்கள் அதனை மனப்பாடத் தொல்லையாகக் கருதுகின்றனர். பள்ளர் வயலில் அது பட்டியல் அன்று, தேர்வு. மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று, குறுகிய நாளில் விளைவது ஒன்று, வெள்ளத்தில் நிற்பது ஒன்று. நம் காலத்து உழவர்கள் பெயர் சொல்லும் காட்டுயாணம் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. குழியடிச்சான் உப்பு நிலத்தையும் ஓரளவு தாங்குவது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்து வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து நிரப்பியபின் இத்தகைய நெல்வகைகளைத் தேட வேண்டிய நிலை வந்தது. அவற்றைச் சிலராவது கைவிடாமல் வைத்திருந்ததால்தான் தேடியவர்க்குக் கிடைத்தன.

பசுமைப் புரட்சியைப் பழித்துரைப்பது இத்தகைய கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கை நாம் பின்பற்ற விரும்பவில்லை. 1966இல் ஐ.ஆர். 8 வெளியானபோதும், அதே பத்தாண்டில் ஆடுதுறை 27 தஞ்சை வயல்களுக்கு வந்தபோதும் இந்நாட்டில் பஞ்சம் வாசலில் நின்றது. கப்பலில் வரும் கோதுமைக்குக் காத்திருந்த காலம் அது. அன்று குட்டை நெல்லை வரவேற்றவர்கள் அறிவிலிகள் அல்லர். நாம் உண்டு வளர்ந்ததும் அந்தச் சோறுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. புதியதை ஏற்றபோது பழையதற்கு ஒரு மூலையாவது விட்டுவைக்கவில்லை. வயலில் மட்டுமன்று, அடுக்களையிலும் விட்டுவைக்கவில்லை.

*

நம் பழைய அடுக்களையே ஒரு விதைக் காப்பகம் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் சோளக்கதிரும் மக்காச்சோளக் கதிரும் தொங்கும். புகை படிந்தால் வண்டு அண்டாது. சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைப்பர். மொச்சை, அவரை, தட்டைப்பயற்றைச் சாம்பலிலோ செம்மண்ணிலோ புரட்டி உலர்த்திப் பானையில் இட்டு, வேப்பிலையையோ நொச்சித்தழையையோ மேலே பரப்பி வாயைக் கட்டுவர். எந்தக் காயை முற்றவிட வேண்டும், எந்தக் கொடியின் எத்தனையாவது காய்ப்பு விதைக்கு ஆகும் என்பதைத் தீர்மானித்தவர்கள் பெண்கள். அவர்கள் சமைப்பவர்களாக இருந்ததால் விதை தெரிவோராகவும் இருந்தனர். சுவையற்ற காயின் விதையை எவள் எடுத்து வைப்பாள்?

சமையலின் நுட்பமும் தானியத்துக்குத் தானியம் வேறு. கம்பை லேசாக நீர் தெளித்துப் பிசிறி, உரலில் பதமாகக் குத்தி, தோலைப் புடைத்து நீக்கி, மீண்டும் குருணையாக இடித்துக் களியாகக் கிளறி, உருண்டை பிடித்து நீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோரில் கரைத்துக் குடிக்கலாம். சாமை விரைவில் வெந்துவிடும்; கண் அகற்றினால் குழைந்துவிடும். வரகின் உமி பல அடுக்காக ஒட்டிக்கிடப்பது. உரல் போதாமல் திரிகையில் இட்டு உடைக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவை முதல்நாள் இரவே ஊறவைக்காதவர் மறுநாள் அடுப்படியில் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். இந்தச் செய்முறைகளை எந்தக் குளிர்ப்பெட்டியும் சேமிப்பதில்லை. செய்முறை தெரியாதவர் ஒருமுறை வாங்கிச் சமைத்து, வேகவில்லை என்று சலித்து, மறுமுறை வாங்கமாட்டார். விதை அங்கேயும் தோற்கிறது.

தமிழாசிரியர் என்ற முறையில் இன்னொரு இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குத்துதல், தீட்டுதல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல் என்று முறத்தையும் உலக்கையையும் சுற்றி எத்தனை வினைச்சொற்கள்! புடைப்பதும் கொழிப்பதும் ஒன்றல்ல. முறத்தை மேலும் கீழும் தட்டி உமியைப் பறக்கவிடுவது ஒன்று. பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் குருணையையும் பிரிப்பது ஒன்று. அகராதி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பொருளைச் சொல்லி முடித்துக்கொள்கிறது. வேறுபாட்டை அறிந்த கைகள் ஓய்ந்துவிட்டன. உலக்கைப் பாட்டான வள்ளையை இலக்கிய வகையாகக் கற்பிக்கிறோம். உலக்கை எந்த மரத்தில் செய்தது என்று கேட்டால் நமக்கே தெரியாது.

*

இனி அந்த மாணவியின் விடைக்கு வருவோம்.

அவருடைய அம்மாயி கோழி கூவும் முன் எழுந்து குத்தினார். நாம் வியக்கும் மரபின் அடியில் கிடப்பது அந்த உழைப்பு. புறநானூற்றுப் பெண்ணும் இளையான்குடி அம்மையாரும் குத்தியதைப் போற்றுகிறோம். அவர்களுடைய தோள் வலியைப் பற்றி ஒரு தேர்விலும் வினா கேட்டதில்லை. 'பாட்டி காலத்துச் சமையல்' என்று ஏங்கி எழுதுவோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும், அவர்களில் பலர் ஒரு நாளும் முறம் பிடித்ததில்லை என்பதும் தற்செயல் அன்று. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

கொல்லிமலையில் நடந்தது இதற்கு நல்ல பாடம். வல்வில் ஓரியின் மலை. பல வகைச் சாமையும் தினையும் வரகும் விளைந்த மலை. பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று சாமைக்குள்ளேயே தனித்தனிப் பெயர்கள். செந்தினை, பெருந்தினை, மூக்கன்தினை என்று தினைக்குள்ளும் அவ்வாறே. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்கிழங்குக்குப் பணம் தந்தன. சிறுதானியத்துக்கு வாங்குவோர் இல்லை. உண்ணவும் குத்த வேண்டும். நியாயவிலை அரிசியோ குத்தாமலே சோறாகும். மலைமக்கள் மரவள்ளிக்கு மாறினர். இதில் அவர்கள்மேல் குற்றம் காண எவர்க்கும் உரிமையில்லை.

1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் அம்மலையில் பணியாற்றியபோது, ஊர் விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் நிறுவியது. மகளிர் குழுக்கள் மாவும் கலவைகளும் செய்து விற்க வழி செய்தது. விதையைக் காக்க வேண்டுமானால் முதலில் உலக்கையிலிருந்து பெண்ணை விடுவிக்க வேண்டும் என்ற எளிய உண்மை அங்கே செயல்வடிவம் பெற்றது. பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்டு 2023இல் மறைந்த சுவாமிநாதனின் பெயரால் அமைந்த நிறுவனமே இதைச் செய்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பழமை, புதுமை என்று இரு கட்சி கட்டிக்கொண்டு வழக்காடுவோர்க்கு இது சற்று இடைஞ்சலான செய்திதான்.

ஆதிரெங்கத்தின் நெல் ஜெயராமன் கண்ட வழியும் எளியதே. நம்மாழ்வாரின் தூண்டுதலால் புறப்பட்டவர், 2018இல் இறக்கும்வரை 174 பழைய நெல்வகைகளைத் தேடித் திரட்டினார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் உழவருக்கு 2 கிலோ விதை தரப்படும். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லை, பத்திரம் இல்லை. அந்நெல்லை விளைவித்துத்தான் தீரவேண்டும், இல்லாவிடில் கடன் அடையாது. ஆவணக் காப்பகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

*

பிறருக்கு அறிவுரை சொல்லும்முன் எம் வீட்டுக் கணக்கையும் வைத்துவிடுகிறோம்.

எம் தாயார் ஊர்க் கிணற்றடியில் ஆண்டுதோறும் ஆடியில் ஓர் அவரைக்கொடி ஊன்றுவார். தட்டையான காய், இரு விரல் அகலம், விளிம்பில் மட்டும் சேலைக்கரை போல் ஓடும் சிவப்பு. விதை கறுப்பு, மூக்கில் வெள்ளைக் கோடு. மார்கழி முதல் மாசி வரை காய்க்கும். பிஞ்சில் பொரியல், முற்றினால் விதையை உரித்துப் புளிக்குழம்பு. மாங்குடி கிழார் தம் புறநானூற்றுப் பாட்டில் வரகு, தினை, கொள்ளோடு உணவு நான்கில் ஒன்றாக அவரையையும் வைத்தாரே, அதை நடத்தும்போதெல்லாம் எமக்கு நினைவுக்கு வருவது அந்தச் சிவப்புக்கரைதான்.

தாயார் கடைசிக் காலத்தில் எங்களோடு நகரத்து அடுக்ககத்துக்கு வந்தபோது, ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் சாம்பலோடு அந்த விதையைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆடியிலும் "ஒரு தொட்டியிலயாவது ஊனி விடுப்பா" என்பார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்போம். அவர் மறைந்தபின் புட்டி பரணுக்குப் போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, சிறுதானிய ஆண்டு என்று 2023இல் கல்லூரியில் விழா எடுத்தபோது நமக்கும் உணர்ச்சி பொங்கி, புட்டியைத் திறந்தோம். பாதியை வண்டு தின்றிருந்தது. மீதியில் நல்லவையாகத் தெரிந்த இருபத்துமூன்றை ஊன்றினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஊருக்குப் போய் நான்கு வீடுகளில் கேட்டோம். அக்கம்பக்கத்தில் எவரிடமாவது இருக்கும் என்ற நம்பிக்கை. மூன்று வீடுகளில் கடை விதைதான் ஊன்றுகிறார்களாம். நான்காம் வீட்டுப் பெரியம்மா நம்மை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கம்மாகிட்டதானப்பா நாங்க எல்லாரும் வாங்குவோம்" என்றார்.

எந்த நிறுவனமும் அந்த அவரையை அழிக்கவில்லை. எந்த அரசாணையும் தடுக்கவில்லை. புளிக்குழம்பு வைக்க எம் வீட்டில் எவரும் அதைக் கேட்காததால் அது அழிந்தது.

*

ஆகவே நம் கருத்து இதுதான்: விதையைக் காப்பது என்பது அதைச் சோறாகவும் குழம்பாகவும் உண்பது, உண்ணும் உழைப்பைப் பகிர்ந்துகொள்வது.

சிறுதானியம் சர்க்கரை நோயை ஓட்டும், இன்ன அரிசி இன்ன பிணியைத் தீர்க்கும் என்னும் விளம்பரங்களை நாம் ஏற்பதில்லை. நோய்க்கு மருத்துவர் இருக்கிறார். மருந்தாக உண்ணப்படும் பொருளை நோய் தணிந்ததும் மறந்துவிடுவோம்; பசிக்கு உண்ணப்படுவதே வீட்டில் நிலைக்கும். வெண்மையாகத் தீட்டி, நூடுல்ஸாக்கி, பளபளக்கும் உறையில் 'மில்லட்' என்ற ஒற்றைப் பெயரில் விற்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்தப் பெயருக்குள் மல்லியச்சாமையும் மூக்கன்தினையும் காணாமல் போகின்றன. கடையில் வாங்கும்போது எந்த வகை, எந்த ஊர் என்று கேளுங்கள். விடை வராது, பலர் கேட்டால் ஒருநாள் வரும்.

விலை தடையாக இருப்பதும் உண்மை. பழைய அரிசியும் சிறுதானியமும் வசதியுள்ளோர் வாங்கும் பண்டமாகிவிட்டன. எனவே இது தனிமனித விருப்பத்தோடு முடியும் செய்தி அன்று. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கப்பட்டது சரியான திசை. அது சாமைக்கும் வரகுக்கும் விரிய வேண்டும். கல்லூரி விடுதிகளும் கோயில் அன்னதானங்களும் வாரம் ஒருவேளை இவற்றைச் சமைத்தால், எந்த விழாவும் தராத உறுதியை உழவருக்குத் தரும். சேமித்த விதையை விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றிருக்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே அதில் தடை. உரிமை இருக்கிறது, பயன்படுத்துவோர்தாம் வேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் வேலை உண்டு. எம் மாணவர்க்கு இவ்வாண்டு ஒப்படைப்பாகக் கொடுத்திருப்பது, வீட்டில் மூத்த பெண் ஒருவரிடம் அமர்ந்து ஒரு பழைய உணவின் செய்முறையை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதி வருவது. ஒரு நிபந்தனையும் உண்டு: எழுதுபவர் ஒருமுறையேனும் அதைத் தாமே சமைத்திருக்க வேண்டும். ஆண் மாணவர்க்கும் விலக்கில்லை. ஆசிரியர்க்கும் விலக்கில்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், ஞாயிறுதோறும் எம் வீட்டில் சாமைச் சோறு வடிப்பது நம் பொறுப்பாயிற்று. முதல் இரு வாரங்கள் குழைந்தது. மூன்றாம் வாரம் எம் மனைவி மறுசோறு கேட்டார்.

அவரைக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. வாசிப்பவருள் எவர் வீட்டு வேலியிலாவது, விளிம்பில் சிவப்புக் கரையும் கறுப்பு விதையும் கொண்ட, மார்கழியில் காய்க்கத் தொடங்கும் அந்த அகல அவரை படர்ந்திருந்தால், ஒரு கைப்பிடி விதை கடனாகத் தாருங்கள். அடுத்த ஆண்டு இரு கைப்பிடியாகத் திருப்பித் தருகிறோம். இம்முறை பரணில் வைக்கமாட்டோம்.